வசீலி தொக்குச்சாயெவ்

வசீலி வசீலியெவிச் தொக்குச்சாயெவ் (மார்ச் 1, 1846 - நவம்பர் 8, 1903) ரஷ்யாவைச் சேர்ந்த நிலவியலாளரும் மண்ணியலாளரும் ஆவார். மண்ணியலைத் தனி அறிவியல் துறையாகத் தோற்றுவித்தவராக இவர் கருதப்படுகிறார். பாறை சிதைந்த தூளும் மட்கிய தாவரங்களும் கலந்த வெறும் கலவையே மண் என்ற கருத்து இவர் காலத்தில் பரவலாக இருந்தது. அதற்கு மாறாக, பாறை, தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ளம், காலம் ஆகியவற்றின் கூட்டு விளைவாக உருவாகும் தனித்த இயற்கைப் பொருளே மண் என்று இவர் நிறுவினார்.

உலக மண் வகைப்பாட்டில் இன்று வழங்கும் செர்னோசெம், பொட்சோல் முதலிய சொற்கள் ரஷ்ய உழவர்களின் பேச்சு வழக்கிலிருந்து பெறப்பட்டவை. அவற்றை வரையறுத்து அறிவியலுக்குள் கொண்டு வந்ததில் தொக்குச்சாயெவுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் முதன்மையான பங்கு உண்டு. 1891 ஆம் ஆண்டு வறட்சிக்குப் பின், தென் ரஷ்யப் புல்வெளிகளின் நிலச் சீரழிவைத் தடுக்க இவர் வகுத்த திட்டமும் குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

தொக்குச்சாயெவ் ரஷ்யப் பேரரசின் சிமலியேன்ஸ்க் மாகாணத்தில் உள்ள மிலியூக்கொவோ என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்போது ரஷ்யாவில் வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டியின்படி இவர் பிறந்த நாள் பிப்ரவரி 17 ஆகும். தந்தையார் ஊர்க் கோயிலின் கிறித்தவக் குரு. அக்காலத்தில் குருமாரின் ஆண் மக்கள் சமயக் கல்வி பெற்று அதே பணிக்குச் செல்வது வழக்கம். இவரும் வியாஸ்மா நகரிலிருந்த சமயப் பள்ளியிலும் பின்னர் சிமலியேன்ஸ்க் குருமடத்திலும் பயின்றார். 1867 ஆம் ஆண்டில் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் உள்ள சமய உயர்கல்விக் கழகத்துக்கு அனுப்பப்பட்டார்.

ஆனால் சில வாரங்களிலேயே அக்கழகத்தை விட்டு விலகி, சென் பீட்டர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பிரிவில் சேர்ந்தார். 1871 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தம் சொந்த மாவட்டத்தில் ஓடும் கச்னியா என்னும் சிற்றாற்றின் வண்டல் படிவுகளைப் பற்றியதே இவருடைய முதல் ஆய்வு. 1872 இல் பல்கலைக்கழகத்தின் நிலவியல் சேகரிப்புகளைப் பேணும் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது.

நிலவியலிலிருந்து மண்ணுக்கு

தொடக்கத்தில் தொக்குச்சாயெவ் ஆறுகள், பள்ளத்தாக்குகள், நீரரிப்பால் உண்டாகும் ஓடைப்பள்ளங்கள் ஆகியவற்றையே ஆய்ந்தார். ஐரோப்பிய ரஷ்யாவின் ஆற்றுப் பள்ளத்தாக்குகள் எவ்வாறு உருவாயின என்பது பற்றிய ஆய்வேட்டுக்காக 1878 இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். ஓடைப்பள்ளங்கள் ஆண்டுதோறும் நீண்டு விளைநிலங்களை விழுங்கி வருவதை இவர் நேரில் கண்டிருந்தார். நிலச் சீரழிவு பற்றிப் பிற்காலத்தில் இவர் எழுதியவற்றுக்கு இந்த அனுபவம் அடிப்படையாயிற்று.

1875 ஆம் ஆண்டில் வசீலி சஸ்லாவ்ஸ்கி என்பவர் ஐரோப்பிய ரஷ்யாவின் மண் வரைபடம் ஒன்றைத் தயாரிக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவர் தொக்குச்சாயெவின் உதவியை நாடினார். 1878 இல் சஸ்லாவ்ஸ்கி இறந்துவிட்டதால், வரைபடத்துக்கான விளக்க நூலை எழுதும் பொறுப்பு முழுவதும் தொக்குச்சாயெவைச் சேர்ந்தது. ரஷ்ய மண்களின் வரைபடவியல் பற்றிய அந்நூல் 1879 இல் வெளிவந்தது. இப்பணியே இவரை மண் ஆய்வின் பக்கம் முழுமையாகத் திருப்பியது.

உழவர் வழங்கிய மண் பெயர்கள்

ரஷ்ய உழவர்கள் தாம் உழுத நிலங்களை நிறம், ஈரம், உழும்போது தென்படும் தன்மை, விளைச்சல் ஆகியவற்றைக் கொண்டு நெடுங்காலமாகவே பிரித்தறிந்து பெயரிட்டு வந்தனர். கரிய மண்ணை அவர்கள் செர்னோசெம் என்றனர். கருமை, நிலம் என்னும் பொருள் தரும் இரு ரஷ்யச் சொற்கள் இணைந்தது இப்பெயர். வடபகுதிக் காட்டு நிலங்களைத் திருத்தி உழும்போது மேல்மண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வெளிறிய அடுக்கு ஒன்று தென்படும். அத்தகைய நிலம் பொட்சோல் எனப்பட்டது. சாம்பலைக் குறிக்கும் சொல் இப்பெயருக்குள் அடங்கியுள்ளது. உவர் நிலங்களைக் குறிக்கும் சொலன்சாக், சொலொனெத்ஸ் ஆகிய பெயர்கள் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து தோன்றியவை.

தொக்குச்சாயெவுக்கு முன்னரும் இப்பெயர்கள் அரசு ஆவணங்களில் இடம்பெற்றிருந்தன. 1851 இல் வெசெலோவ்ஸ்கி வெளியிட்ட மண் வரைபடம் உள்ளூர்களிலிருந்து திரட்டிய தகவல்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. ஆனால் இத்தகைய தகவல்களில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரே பெயர் வெவ்வேறு மாகாணங்களில் வெவ்வேறு மண்ணைக் குறித்தது. ஒரே மண்ணுக்கு ஊருக்கொரு பெயரும் இருந்தது. ஓர் உழவர் தம் ஊர் நிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பெயரிடுகிறார். அவருடைய தேவைக்கு அது போதுமானது. நாடு முழுவதற்குமான வரைபடத்துக்கு அது போதாது.

இச்சிக்கலைத் தீர்க்கத் தொக்குச்சாயெவ் உழவர் பெயர்களை ஒதுக்கிவிடவில்லை. அவற்றைத் தக்கவைத்துக் கொண்டு, ஒவ்வொன்றும் எந்த மண்ணைக் குறிக்க வேண்டும் என்பதைக் குழி தோண்டி, அடுக்குகளை அளந்து, மண் மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்து வரையறுத்தார். தம் சொந்த மாகாணமான சிமலியேன்ஸ்கின் பொட்சோல் மண்ணை இவ்வாறு விரிவாக விளக்கினார்.

இவருடைய மாணவர்களும் இதே வழியைப் பின்பற்றினர். சுண்ணாம்புக் கற்கள் கலந்த ஆழமற்ற மண்ணுக்குப் போலந்து உழவர்கள் வழங்கிய ரெண்ட்சினா என்னும் பெயரை நிக்கொலாய் சிபீர்ட்செவ் தம் வகைப்பாட்டில் சேர்த்தார். நீர் தேங்கிய நிலங்களின் நீலமும் சாம்பலும் கலந்த களிமண் அடுக்குக்குக் கிளெய் என்னும் நாட்டு வழக்குச் சொல்லைக் கியோர்கி விசோட்ஸ்கி 1905 இல் அறிமுகப்படுத்தினார்.

கரிய மண் ஆய்வு

1873, 1875 ஆகிய ஆண்டுகளில் கரிய மண் பகுதிகளில் வறட்சி ஏற்பட்டது. ரஷ்யாவின் தானிய ஏற்றுமதியும் உணவும் பெரிதும் இப்பகுதிகளையே நம்பியிருந்தன. எனவே 1765 இல் தொடங்கப்பட்ட சுதந்திரப் பொருளாதாரச் சங்கம் கரிய மண்ணை ஆராய ஒரு குழுவை அமைத்தது. கள ஆய்வுப் பொறுப்பு தொக்குச்சாயெவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1877, 1878 ஆகிய ஆண்டுகளின் கோடைக்காலங்களில் இவர் உக்ரைன், மால்டோவா, மத்திய ரஷ்யா, வோல்கா ஆற்றுப் பகுதி, வட காக்கசஸ் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 10,000 கிலோமீட்டர் தொலைவு பயணம் செய்தார். சென்ற இடமெல்லாம் மண்ணின் வெட்டுமுகத்தை வரைந்து, அடுக்குகளின் தடிப்பை அளந்து, மாதிரிகளைச் சேகரித்தார்.

கரிய மண்ணின் தோற்றம் பற்றி அப்போது பல கருத்துகள் நிலவின. கடல் பின்வாங்கியபோது எஞ்சிய படிவு என்று சிலரும், பழைய சதுப்பு நிலங்கள் உலர்ந்ததால் உண்டானது என்று சிலரும் கருதினர். கரிய நிறமுடைய பழம் பாறைகள் சிதைந்து பரவியதே என்றும் ஒரு கருத்து இருந்தது. தாவரவியலாளர் ரூப்பிரெக்ட் 1866 இல் ஸ்டெப்பிப் புல்வெளித் தாவரங்களிலிருந்தே இம்மண் உருவாயிற்று என்று எழுதியிருந்தார். தொக்குச்சாயெவின் கள ஆய்வு இக்கடைசிக் கருத்தை உறுதிப்படுத்தியது. அதோடு, ஒரே வகைப் பாறை இருந்தும் ஓரிடத்தில் கரிய மண் உருவாகி மற்றோரிடத்தில் உருவாகாதது ஏன் என்பதையும் இவர் விளக்கினார். வடக்கே ஈரம் மிகுந்து காடுகள் வளர்கின்றன. தென்கிழக்கே ஈரம் குறைந்து புல் அடர்த்தியாக வளர்வதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மட்டுமே புல்வேர்கள் மிகுதியாக வளர்ந்து, முழுவதும் சிதையாமல் மட்காகத் தங்குகின்றன.

இவ்வாய்வின் முடிவுகள் ரஷ்யக் கரிய மண் என்னும் நூலாக 1883 இல் வெளியாயின. நூலுடன் இணைக்கப்பட்ட வரைபடத்தில் மண்ணிலுள்ள மட்கின் விழுக்காட்டைக் கொண்டு பட்டைகள் வரையப்பட்டிருந்தன. மிக வளமான பட்டையில் மட்கின் அளவு 13 முதல் 16 விழுக்காடு வரை இருந்தது. இந்நூலையே இவர் முனைவர் பட்ட ஆய்வேடாக அளித்தார். ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களுள் தனிம அட்டவணையை உருவாக்கிய திமீத்ரி மெண்டெலீவும் ஒருவர்.

தமிழ்நாட்டில் கரிசல் என வழங்கும் மண்ணும் செர்னோசெமும் நிறத்தால் ஒத்திருப்பினும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. செர்னோசெமின் கருமைக்கு மிகுதியான மட்கு காரணம். கரிசல் மண்ணில் மட்கு குறைவு. அது விரிந்து சுருங்கும் களிமண் மிகுந்த வெர்டிசோல் வகையைச் சேர்ந்தது.

மண் பற்றிய கோட்பாடு

தொக்குச்சாயெவின் கோட்பாட்டின்படி ஐந்து காரணிகள் சேர்ந்து மண்ணை உருவாக்குகின்றன. அவை:

1. அடியிலுள்ள தாய்ப்பாறை
2. தட்பவெப்பம்
3. தாவரங்களும் விலங்குகளும்
4. நிலத்தின் மேடுபள்ளமும் சரிவும்
5. நிலத்தின் வயது

இக்காரணிகளில் ஒன்று மாறினாலும் மண் மாறும். எனவே மண்ணை அதன் மேற்பரப்பைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. மேலிருந்து தாய்ப்பாறை வரையிலான வெட்டுமுகம் முழுவதையும் காண வேண்டும். மட்கு சேர்ந்த மேலடுக்கு, இடையடுக்கு, தாய்ப்பாறை என இவர் பிரித்துக் காட்டிய முறையிலிருந்தே ஏ, பி, சி என்னும் எழுத்துகளால் மண்ணடுக்குகளைக் குறிக்கும் வழக்கம் வளர்ந்தது. மண் மிக மெதுவாக உருவாவது என்பதும், தவறான பயன்பாட்டால் மிக விரைவாகக் கெடக்கூடியது என்பதும் இக்கோட்பாட்டிலிருந்து பெறப்படுபவை.

நிலவரியும் மண் மதிப்பீடும்

1861 இல் ரஷ்யாவில் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டது. 1864 முதல் செம்ஸ்த்வோ எனப்படும் உள்ளாட்சி மன்றங்கள் மாகாணங்களில் அமைக்கப்பட்டன. இவை நிலத்தின் மீது வரி விதித்தே பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்தி வந்தன. ஆனால் நிலத்தின் உண்மையான தரம் தெரியாமல் விதிக்கப்படும் வரி நியாயமாக இருக்க முடியாது. வளம் குறைந்த நிலத்தை வைத்திருந்த உழவர் நல்ல நிலத்துக்குரிய வரியைச் செலுத்த நேர்ந்தது.

இதைச் சீர்செய்ய நிஷ்னி நோவ்கொரத் மாகாணத்தின் செம்ஸ்த்வோ தொக்குச்சாயெவை அழைத்தது. 1882 முதல் 1886 வரை இவர் தம் மாணவர்களுடன் அம்மாகாணத்தின் மண்களை மாவட்டம் மாவட்டமாக ஆய்ந்தார். முடிவுகள் 14 தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மிகச் சிறந்த கரிய மண்ணுக்கு 100 புள்ளிகள் அளித்து, மற்ற மண்களுக்கு அதனோடு ஒப்பிட்டுப் புள்ளிகள் வழங்கப்பட்டன. பின்னர் நிக்கொலாய் ஆனென்ஸ்கி தலைமையிலான புள்ளியியலாளர்கள் உள்ளூர் விளைச்சல் பற்றிய தகவல்களைத் திரட்டி இம்மண் வரைபடத்துடன் இணைத்தனர். இவ்வாறு மண்ணின் இயல்பும் உழவரின் அனுபவமும் ஒரே மதிப்பீட்டில் இடம்பெற்றன.

1888 முதல் 1894 வரை பொல்தாவா மாகாணத்திலும் (இன்றைய உக்ரைன்) இதே போன்ற ஆய்வு நடைபெற்றது. அது 16 தொகுதிகளாக வெளிவந்தது. இரு மாகாணங்களிலும் திரட்டிய மாதிரிகளைக் கொண்டு பொதுமக்களுக்கான இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் அமைக்கப்பட்டன. மண்ணை ஆய்வது அந்தந்த மாகாண மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதில் தொக்குச்சாயெவ் உறுதியாக இருந்தார். 1889 இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இவருடைய மண் சேகரிப்பு தங்கப் பதக்கம் பெற்றது.

1891 ஆம் ஆண்டு வறட்சியும் பஞ்சமும்

1891 இல் வோல்கா ஆற்றுப் பகுதியிலும் மத்தியக் கரிய மண் பகுதியிலும் பயிர்கள் பொய்த்தன. அதற்கு முந்தைய இலையுதிர் காலம் வறண்டிருந்தது. குளிர்காலத்தில் பயிரை மூடிக் காக்கும் அளவுக்குப் பனி பெய்யவில்லை. கோடையிலும் மழை இல்லை. ஏற்றுமதிக்கான தானியத்தை விளைவித்த மாகாணங்களிலேயே உழவர்கள் உணவின்றித் தவித்தனர். அரசு அவ்வாண்டின் பிற்பகுதியில்தான் தானிய ஏற்றுமதியைத் தடை செய்தது. பஞ்சத்தாலும் அதைத் தொடர்ந்து 1892 இல் பரவிய வாந்திபேதியாலும் பல இலட்சம் மக்கள் இறந்தனர்.

உலகின் மிக வளமான மண்ணில் வாழ்ந்த மக்கள் பட்டினியால் இறந்தது ஏன் என்ற கேள்வி ரஷ்யா முழுவதும் எழுந்தது. தொக்குச்சாயெவ் அதற்கு விடை கூறும் வகையில் தொடர் கட்டுரைகளை எழுதினார். அவை நம் ஸ்டெப்பிகள் அன்றும் இன்றும் என்னும் நூலாக 1892 இல் வெளிவந்தன. நூல் விற்பனையில் கிடைத்த பணம் பஞ்சத்தால் பாதிக்கப்பட்டோருக்கு அளிக்கப்பட்டது.

மழை குறைந்தது மட்டுமே வறட்சிக்குக் காரணம் அன்று என்பது இந்நூலின் மையக் கருத்து. பெய்த நீரைத் தக்கவைத்துக் கொள்ளும் ஆற்றலை நிலம் இழந்துவிட்டது என்று இவர் காட்டினார். இதற்கு அவர் கூறிய காரணங்கள் வருமாறு:

1. ஸ்டெப்பிப் புல்வெளி ஏறத்தாழ முழுவதும் உழப்பட்டுவிட்டது. குருணை குருணையாக இருந்த மண் தொடர்ந்த உழவால் பொடியாகி, நீரை உறிஞ்சும் தன்மையை இழந்தது.
2. அடர்ந்த புல் குளிர்காலப் பனியைப் பிடித்து வைத்திருந்தது. புல் அழிந்தபின் காற்று பனியை வயல்களிலிருந்து பள்ளங்களுக்கு அடித்துச் சென்றது.
3. ஆற்றங்கரைகளிலும் மேட்டு நிலங்களிலும் இருந்த காடுகள் வெட்டப்பட்டன.
4. இளவேனிலில் உருகிய பனிநீர் நிலத்தில் இறங்காமல் விரைந்தோடி ஓடைப்பள்ளங்களை ஆழமாக்கியது. பள்ளங்கள் ஆழமாக ஆழமாக நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தது. ஆறுகளில் வண்டல் படிந்தது.

பொல்தாவா பகுதியில் பெரும் பண்ணை ஒன்றை நிருவகித்து வந்த வேளாண் அறிஞர் அலெக்சாந்தர் இஸ்மயீல்ஸ்கியும் மண்ணின் ஈரத்தைப் பல ஆண்டுகள் அளந்து இதே முடிவுக்கு வந்தார். அவருடைய நூல் 1893 இல் வெளியாயிற்று. இருவரும் நண்பர்கள்.

ஸ்டெப்பி சிறப்பு ஆய்வுப் பயணம்

தம் நூலில் தொக்குச்சாயெவ் ஒரு செயல் திட்டத்தையும் முன்வைத்தார். ஆறுகளைச் சீர்படுத்துதல், ஓடைப்பள்ளங்கள் மேலும் வளராமல் தடுத்தல், மேட்டு நிலங்களில் குளங்கள் வெட்டிப் பனிநீரையும் மழைநீரையும் தேக்குதல், வயல்களின் ஓரங்களிலும் பள்ளங்களின் விளிம்பிலும் காற்றுத் தடுப்பு மரவரிசைகளை வளர்த்தல் ஆகியவை அதில் அடங்கும். ஒவ்வொரு பகுதியிலும் விளைநிலம், புல்வெளி, காடு, நீர்நிலை ஆகியவை எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதை அப்பகுதியின் மண்ணையும் தட்பவெப்பத்தையும் கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்றும் இவர் வலியுறுத்தினார்.

1892 இல் அரசின் காட்டுத்துறை இதற்கெனச் சிறப்பு ஆய்வுப் பயணம் ஒன்றை இவர் தலைமையில் ஏற்படுத்தியது. பின்வரும் மூன்று இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

1. வரோனிஷ் மாகாணத்தின் காமென்னயா ஸ்டெப்பி (கல் ஸ்டெப்பி என்பது பொருள்)
2. ஸ்தரபேல்ஸ்க் பகுதி
3. வெலீக்கோ-அனதோல்

பின்னிரு இடங்களும் இன்றைய உக்ரைனில் உள்ளன. வெலீக்கோ-அனதோலில் 1843 ஆம் ஆண்டிலேயே செயற்கைக் காடு வளர்ப்புத் தொடங்கப்பட்டிருந்தது.

இவ்விடங்களில் வானிலை நிலையங்கள் அமைக்கப்பட்டன. பலவகை மரங்களைக் கொண்டு வெவ்வேறு அகலத்தில் மரவரிசைகள் நடப்பட்டன. குளங்கள் வெட்டப்பட்டன. மழை, பனி, மண் ஈரம், நிலத்தடி நீர்மட்டம் ஆகியவை தொடர்ந்து பதிவு செய்யப்பட்டன. உழப்படாத கன்னி ஸ்டெப்பி நிலங்களைத் தொடாமல் பாதுகாத்து, அவற்றை உழுத நிலங்களுடன் ஒப்பிட வேண்டும் என்பதும் இவருடைய கருத்து. இயற்கைக் காப்பகங்கள் பற்றிய சிந்தனை ரஷ்யாவில் வளர இது உதவியது.

மரம் வளர்ந்து பயன்தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் இப்பணிக்கு அரசு தொடர்ந்து ஆதரவளிக்கவில்லை. 1890களின் இறுதியில் ஆய்வுப் பயணம் முடிவுக்கு வந்தது. நடப்பட்ட மரங்களின் பராமரிப்பைக் காட்டுத்துறை அலுவலர்கள் ஏற்றனர். காமென்னயா ஸ்டெப்பியின் மரவரிசைகள் அதன் பின்னரும் பேணப்பட்டு வந்தன. அங்குச் செயல்படும் வேளாண் ஆய்வு நிறுவனம் தொக்குச்சாயெவின் பெயரைத் தாங்கியுள்ளது.

நோவோ-அலெக்சாந்திரியா

1892 முதல் 1895 வரை தொக்குச்சாயெவ் நோவோ-அலெக்சாந்திரியா வேளாண்மை, காட்டியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். இவ்வூர் இன்று போலந்து நாட்டில் பூவாவி என்னும் பெயரில் உள்ளது. மூடப்படும் நிலையிலிருந்த அந்நிறுவனத்தின் பாடத்திட்டத்தை இவர் மாற்றியமைத்தார். 1894 இல் ரஷ்யாவின் முதல் மண்ணியல் துறை இங்கே தொடங்கப்பட்டது. அதன் முதல் பேராசிரியராகச் சிபீர்ட்செவ் அமர்ந்தார். அதற்கு முன் நிலவியலின் அல்லது வேளாண் வேதியியலின் ஒரு பகுதியாகவே மண் கற்பிக்கப்பட்டு வந்தது.

இறுதி ஆண்டுகள்

ஓயாத பணி தொக்குச்சாயெவின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1895 முதல் இவர் கடும் நரம்புத் தளர்ச்சிக்கும் மன நோய்க்கும் ஆளானார். 1897 இல் மனைவி ஆன்னா இறந்தார். அதே காலத்தில் பல்கலைக்கழகப் பணியிலிருந்தும் விலகினார்.

உடல்நலம் சற்றுத் தேறியதும் மீண்டும் பயணங்களை மேற்கொண்டார். 1898 முதல் 1900 வரை காக்கசஸ், மத்திய ஆசியா முதலிய பகுதிகளின் மண்களை ஆய்ந்தார். சமவெளியில் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும்போது மண் மாறுவது போலவே, மலையடிவாரத்திலிருந்து உச்சி நோக்கிச் செல்லும்போதும் வரிசையாக மாறுகிறது என்பதைக் காக்கசஸ் மலைகளில் கண்டார். இயற்கை மண்டலங்கள் பற்றிய இவருடைய நூல் 1899 இல் வெளியாயிற்று. மண், தாவரம், விலங்கு, மனித வாழ்க்கை ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அதில் விளக்கினார். அதே ஆண்டில் மண்ணியலுக்கான ரஷ்ய ஆய்விதழ் தொடங்கப்பட்டது.

1900 இல் சிபீர்ட்செவ் காசநோயால் இறந்தார். அதன்பின் தொக்குச்சாயெவின் நோய் மீண்டும் முற்றியது. நவம்பர் 8, 1903 அன்று சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இவர் காலமானார்.

கருத்து வேறுபாடுகள்

தொக்குச்சாயெவின் கருத்துகள் எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. சமகால மண் அறிஞரான பாவெல் கஸ்திச்செவ், கரிய மண்ணின் தோற்றத்தில் தட்பவெப்பத்துக்குத் தொக்குச்சாயெவ் தந்த முதன்மையை ஏற்கவில்லை. தாவர வேர்களும் அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுமே முக்கியமானவை என்றார். வறட்சியை எதிர்கொள்ள உழவு முறைகளை மாற்றுவதையும் வயலில் பனியைத் தேக்குவதையும் அவர் வலியுறுத்தினார். இரு அணுகுமுறைகளும் ஒன்றுக்கொன்று துணையானவை என்றே பிற்கால மண்ணியலாளர் கருதுகின்றனர்.

உழவர் அறிவைப் பயன்படுத்தியதிலும் ஒரு வரையறை இருந்தது. உழவர்களிடமிருந்து பெயர்களும் விளைச்சல் தகவல்களும் பெறப்பட்டன. ஆனால் ஸ்டெப்பியைச் சீரமைக்கும் திட்டம் அறிவியலாளர்களாலும் அரசாலுமே வகுக்கப்பட்டது. சிறிய துண்டு நிலத்தையே நம்பியிருந்த ஏழை உழவர் அதில் ஒரு பகுதியை மரத்துக்கும் புல்லுக்கும் விட்டுக்கொடுப்பது எளிதன்று. பஞ்சத்துக்கு மண்ணின் நிலை மட்டுமன்றி, நிலப் பங்கீடு, வரிச் சுமை, வறுமை ஆகியவையும் காரணங்களாக இருந்தன.

மாணவர்கள்

நிக்கொலாய் சிபீர்ட்செவ், கான்ஸ்தந்தீன் கிளிங்கா, கியோர்கி விசோட்ஸ்கி, கவ்ரீல் தன்ஃபீலியெவ் ஆகியோர் இவருடைய வழியில் மண்ணியலையும் தாவரப் புவியியலையும் வளர்த்தனர். உயிர்க்கோளம் பற்றிய கோட்பாட்டை வகுத்த விளாதிமிர் வெர்னாட்ஸ்கியும் இவருடைய மாணவரே. அவர் பொல்தாவா மண் ஆய்வில் பங்கேற்றவர்.

தாக்கமும் நினைவும்

ரஷ்ய மொழியில் எழுதப்பட்டதால் தொக்குச்சாயெவின் ஆய்வுகள் மேற்கு நாடுகளில் தாமதமாகவே பரவின. கிளிங்கா 1914 இல் இடாய்ச்சு மொழியில் எழுதிய நூலை அமெரிக்க மண்ணியலாளர் கர்ட்டிஸ் மார்பட் 1927 இல் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அதன் வழியாக ஐக்கிய அமெரிக்காவின் மண் வகைப்பாடு மாற்றம் பெற்றது. 1941 இல் ஹான்ஸ் ஜென்னி மண் உருவாக்கக் காரணிகளை ஒரு சமன்பாடாக அமைத்தார். இன்றைய பன்னாட்டு மண் வகைப்பாட்டிலும் செர்னோசெம், பொட்சோல், கிளெய், சொலன்சாக், சொலொனெத்ஸ் ஆகியவற்றிலிருந்து அமைந்த பெயர்கள் இடம்பெற்றுள்ளன.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின் சோவியத் அறிவியலாளர்கள் கரிய மண் பகுதிகளை மீண்டும் ஆய்ந்தனர். உழப்பட்ட நிலங்களில் மட்கின் அளவு குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. தொக்குச்சாயெவின் 1883 ஆம் ஆண்டு அளவீடுகள் இருந்தமையாலேயே இந்த இழப்பை மதிப்பிட முடிந்தது.

சென் பீட்டர்ஸ்பேர்க்கில் 1904 இல் திறக்கப்பட்ட மண்ணியல் அருங்காட்சியகமும், 1927 இல் நிறுவப்பட்டு இன்று மாஸ்கோவில் இயங்கும் மண் ஆய்வு நிறுவனமும் இவர் பெயரால் வழங்குகின்றன. உக்ரைனின் தோனெத்ஸ்க் பகுதியில் உள்ள நகர் ஒன்றுக்கு 1954 இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. செவ்வாய்க் கோளின் குழிப்பள்ளம் ஒன்றும் இவர் பெயரைக் கொண்டுள்ளது. மண்ணியலில் சிறந்த ஆய்வு செய்தோருக்குப் பன்னாட்டு மண்ணியல் ஒன்றியம் தொக்குச்சாயெவ் விருதை வழங்கி வருகிறது.